சேமியாக் கடைப் பையன் முத்து ராஜா ஆனான்!

கடலில் மூழ்கி முத்து எடுப்பார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

கடலில் முத்தைப் "பயிர்" செய்ய முடியுமா?

முடியும் என்றார் ஒருவர். ஊரார் அவரைப் பைத்தியம் என்றார்கள். கையில் இருந்த பணம் கரைந்தது. கடன் ஏறியது. இரண்டு தடவை கடலே அவருடைய உழைப்பை அழித்தது. ஆனாலும் அவர் விடவில்லை.

கடைசியில் உலகம் அவரை "முத்து ராஜா" என்று அழைத்தது.

அவர் பெயர், கோக்கிச்சி மிகிமோட்டோ. ஜப்பான் நாட்டுக்காரர்.

அவர் பணக்காரர் வீட்டில் பிறக்கவில்லை. கல்லூரியில் படித்ததும் இல்லை. ஒரு சிறிய சாப்பாட்டுக் கடைக்காரரின் மகன்.

"செய்கிற தொழிலில் மனம் ஒட்டவில்லை" என்று சொல்லுகிறவர்கள் நம்மிடையே பலர். மனம் ஒட்டுகிற தொழிலை மிகிமோட்டோ எப்படிக் கண்டுபிடித்தார்? அதற்கு அவரும் அவர் வீட்டாரும் என்ன விலை கொடுத்தார்கள்?

கேளுங்கள்.

சேமியாக் கடை

ஜப்பானில் தோபா என்று ஒரு சிறிய துறைமுகம் இருக்கிறது. அங்கே 1858-ம் ஆண்டு மிகிமோட்டோ பிறந்தார். வீட்டுக்கு மூத்த பிள்ளை.

தகப்பனார் "உடோன்" கடை வைத்திருந்தார். உடோன் என்பது கோதுமை மாவில் செய்யும் ஒருவகைச் சேமியா. நம் ஊர்ச் சேமியாவைவிடக் கனமாக இருக்கும். சூடான சாற்றில் போட்டுச் சாப்பிடுவார்கள்.

சாப்பிட ருசியாக இருக்கும். ஆனால் விற்கிறவருக்கு வருமானம் போதவில்லை. குடும்பமோ பெரியது.

ஆகவே, மூத்த மகன் சிறு வயதிலேயே காய்கறி வியாபாரம் தொடங்கினான். பகலில் காய்கறிக் கூடை. மற்ற நேரத்தில் கடை வேலை. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை.

காலால் வித்தை

1875-ல் தோபா துறைமுகத்துக்கு ஓர் ஆங்கிலக் கப்பல் வந்தது. காய்கறி, முட்டை விற்பதற்குப் பல படகுகள் கப்பலைச் சூழ்ந்துகொண்டன. கப்பலில் ஏற அனுமதி கிடைப்பது எளிதாக இல்லை.

மிகிமோட்டோவுக்கு அப்போது வயது 17.

அவர் படகிலேயே மல்லாந்து படுத்தார். கால்களை மேலே தூக்கினார். ஒரு மரத் தொட்டியை உள்ளங்காலில் நிறுத்தி, கரகர என்று சுழற்றினார்!

ஜப்பானில் கூத்தாடிகள் செய்யும் வித்தை அது. அதை அவர் முன்பே பழகி வைத்திருந்தார்.

கப்பலில் இருந்தவர்கள் ரசித்தார்கள். அவரை மேலே அழைத்தார்கள். அவருடைய சரக்கு விற்றது.

பையன் கெட்டிக்காரன்தான். ஆனால் காய்கறிக் கூடையோடு காலம் தள்ளுவதில் அவருக்குத் திருப்தி இல்லை. வேறு ஏதோ செய்ய வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

டோக்கியோவுக்கு நடை

1878-ல், 20 வயதில், தலைநகரைப் பார்த்து வருவோம் என்று கிளம்பினார். தோபாவில் இருந்து டோக்கியோவுக்கு அப்போது ரெயில் கிடையாது. பத்து நாட்களுக்கு மேல் நடந்தே போனார்.

டோக்கியோவுக்குப் பக்கத்தில் யோகோகாமா துறைமுகம். வெளிநாட்டு வியாபாரிகள் கூடும் இடம். அங்கே கடைத்தெருவைச் சுற்றி வந்தார்.

கடல் பொருள்களுக்கு அங்கே நல்ல கிராக்கி இருந்தது. காயவைத்த கடல் பொருள்களைச் சீன வியாபாரிகள் போட்டி போட்டு வாங்கினார்கள். முத்துக்கு அதைவிடக் கிராக்கி! நகைக்கு ஆகாத பொடி முத்துகளைக்கூட மருந்துக்கு என்று வாங்கினார்கள்.

மிகிமோட்டோ திகைத்து நின்றார்.

அந்த முத்துகள் எந்தக் கடலில் கிடைக்கின்றன? அவருடைய ஊர்க் கடலில்! பிறந்தது முதல் அவர் தினமும் பார்த்த கடல் அது. காலடியில் இருந்த பொருளின் மதிப்பு, பத்து நாள் நடந்து வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பினார். காய்கறிக் கூடையை இறக்கி வைத்தார். கடல் பொருள் வியாபாரி ஆனார்.

வந்தது ஆபத்து

முத்து விலை ஏறிற்று. எல்லோரும் கடலில் இறங்கினார்கள். சின்னச் சிப்பி, பெரிய சிப்பி என்று பாராமல் அள்ளினார்கள்.

முத்து எடுக்க வேண்டுமானால் சிப்பியைத் திறக்க வேண்டும். திறந்தால் சிப்பி செத்துப்போகும். ஆயிரக்கணக்கான சிப்பிகளைத் திறந்தால் நல்ல முத்து ஒன்றிரண்டு அகப்படும். மற்றவை எல்லாம் வீண்.

இப்படியே போனால் சிப்பி இனமே அழிந்துவிடும் என்று மிகிமோட்டோ கண்டார். அழிந்தால், முத்து வியாபாரமும் சேர்ந்து அழியும்.

மற்ற வியாபாரிகள், இருக்கும் வரையில் வாரிக்கொள்ளுவோம் என்று இருந்தார்கள். மிகிமோட்டோ, சிப்பியை நாமே வளர்த்தால் என்ன என்று நினைத்தார். 1888-ல் தம் பகுதியில் உள்ள ஆகோ விரிகுடாவில் சிப்பி வளர்க்கத் தொடங்கினார்.

சிப்பி வளர்ந்தது. ஆனால் முத்து?

சிப்பியை வளர்த்துவிட்டால் மட்டும் முத்து வந்துவிடாது. இயற்கையில் முத்து உண்டாவது மிக அபூர்வம்.

பேராசிரியர் காட்டிய வழி

1890-ல் டோக்கியோவில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. மிகிமோட்டோ அதில் கலந்துகொண்டார். அந்தச் சமயத்தில், டோக்கியோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் காக்கிச்சி மித்சுக்குரியின் பழக்கம் கிடைத்தது. உயிரினங்களைப் பற்றி ஆராய்ந்தவர் அவர்.

முத்து எப்படி உண்டாகிறது என்று பேராசிரியர் விளக்கினார்.

சிப்பி ஓட்டின் உள்பக்கம் பளபள என்று மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பளபளப்பைச் சுரப்பது சிப்பியின் உடலைப் போர்வை போல மூடி இருக்கும் மெல்லிய சதை. வெளியில் இருந்து ஏதேனும் ஒன்று சிப்பிக்குள் புகுந்து உறுத்தினால், அதைச் சுற்றியும் இந்தப் பளபளப்பு படலம் படலமாகப் படியும். அதுதான் முத்து!

அப்படியானால், அந்த "ஏதேனும் ஒன்றை" மனிதனே உள்ளே வைத்தால்?

முத்து உண்டாகலாம் என்று பேராசிரியர் சொன்னார். ஆனால், செய்து காட்டுவது யார்?

சீனாவில் ஆற்றுச் சிப்பிக்குள் சிறிய புத்தர் உருவத்தை வைத்து, அதன்மேல் முத்துப் பூச்சு படியச் செய்யும் கலை பல நூறு ஆண்டுகளாக இருந்தது. கடல் சிப்பியில் முத்து உண்டாக்கி, அதை ஒரு தொழிலாக நடத்தியவர்கள் எவரும் இல்லை.

அந்த வேலையில் மிகிமோட்டோ இறங்கினார். அப்போது அவருக்கு வயது 32.

துணை நின்ற உமே

இந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் பெயர் உமே. மிகிமோட்டோவின் மனைவி.

1881-ல் கலியாணம் நடந்தது. உமே, வாள் ஏந்திய போர்வீரர் வம்சத்தில் வந்தவர். வாழ்க்கைப்பட்டதோ சேமியாக் கடைக் குடும்பத்தில். ஆனால் அதை அவர் குறைவாக நினைக்கவில்லை.

கணவர் எந்நேரமும் கடற்கரையிலேயே கிடந்தார். உமே கடையைக் கவனித்தார். ஐந்து குழந்தைகளை வளர்த்தார். நேரம் கிடைத்தபோது சிப்பி வேலையிலும் கைகொடுத்தார்.

சிப்பிக்குள் எதை வைப்பது என்பது முதல் கேள்வி. கண்ணாடி, ஈயம், களிமண், மரம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். சில சிப்பிகள் உள்ளே வைத்ததை வெளியே தள்ளிவிட்டன. சில சிப்பிகள் செத்தன.

இந்தத் தொழிலில் ஒரு பெரிய கஷ்டம் உண்டு. சமையலில் உப்பு போதுமா என்று உடனே ருசி பார்த்துவிடலாம். சிப்பிக்குள் வைத்தது பலித்ததா என்று பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்து திறந்தால், உள்ளே ஒன்றும் இராது! மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

போதாக்குறைக்கு எதிரிகள் வேறு. நட்சத்திர மீன் சிப்பியைத் தின்னும். பேய்க்கணவாய் சிப்பியைப் பிளக்கும். குளிர் காலத்தில் தண்ணீர் அதிகம் குளிர்ந்தால் சிப்பி தாங்காது.

இவற்றை எல்லாம்விடப் பெரிய எதிரி ஒன்று 1892-ல் வந்தது.

சிவந்தது கடல்!

அந்த ஆண்டு ஆகோ விரிகுடாவில் கடல் தண்ணீர் சிவப்பாக மாறியது.

கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் திடீர் என்று கோடி கோடியாகப் பெருகும்போது இப்படி நடக்கும். தண்ணீரில் உள்ள பிராணவாயு குறைந்துபோகும். மீன் நீந்தித் தப்பலாம். சிப்பி எங்கே ஓடும்? இருந்த இடத்திலேயே மூச்சு முட்டிச் சாகும்.

மிகிமோட்டோ ஆகோ விரிகுடாவில் வளர்த்த சிப்பிகள் அழிந்தன. பல ஆண்டு உழைப்பு போயிற்று. போட்ட பணம் போயிற்று. கடன் மட்டும் மிஞ்சியது.

வேறு யாராக இருந்தாலும், "போதும் இந்த வேலை" என்று சேமியாக் கடைக்கே திரும்பி இருப்பார்கள். அப்படித் திரும்பி இருந்தாலும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள்.

ஆனால் ஒன்று மிஞ்சி இருந்தது.

எல்லாச் சிப்பிகளையும் அவர் ஒரே இடத்தில் வைக்கவில்லை. தோபா ஊருக்கு எதிரே ஓஜிமா என்று ஒரு குட்டித் தீவு உண்டு. அங்கேயும் கொஞ்சம் சிப்பிகளைப் போட்டிருந்தார். சிவப்புத் தண்ணீர் அங்கே வரவில்லை. அந்தச் சிப்பிகள் பிழைத்துக் கிடந்தன.

கணவனும் மனைவியும் அந்தச் சிப்பிகளை நம்பிக் காத்திருந்தார்கள்.

1893 ஜூலை 11

அன்று இருவரும் ஓஜிமா தீவில் இருந்தார்கள். தண்ணீரில் இருந்து கூடையைத் தூக்கி, சிப்பிகளைத் திறந்து பார்த்தார்கள்.

ஒரு சிப்பிக்குள்ளே பளிச் என்று ஒளி!

முத்து! மனிதன் வைத்த பொருளின்மேல் சிப்பி பூசிய முத்து!

அது முழு உருண்டை அல்ல. பாதி முத்து. ஓட்டோடு ஒட்டி, பாதிப் பட்டாணியைக் கவிழ்த்து வைத்ததுபோல இருந்தது. ஆனாலும் முத்து முத்துதான். ஐந்து ஆண்டுப் பாடு வீண் போகவில்லை.

1896 தொடக்கத்தில் அந்த முறைக்கு ஜப்பான் அரசாங்கத்தின் காப்புரிமை கிடைத்தது. நல்ல காலம் பிறந்தது என்று குடும்பம் மூச்சு விட்டது.

ஆனால் அதே ஆண்டில் உமே நோயுற்றுக் காலமானார். அவருக்கு வயது 32 தான். கடைசிக் குழந்தை இன்னும் சின்னஞ்சிறிசு.

கஷ்ட காலம் முழுவதும் கூட நின்றவர், நல்ல காலத்தைப் பார்க்க இல்லை. 1899-ல் மிகிமோட்டோ டோக்கியோவின் கின்சா பகுதியில் முத்துக் கடை திறந்தார். கின்சா என்பது பெரிய பெரிய கடைகள் உள்ள இடம். அந்தக் கடையின் வாசலை உமே மிதிக்கவில்லை.

வட்ட முத்து எங்கே?

பாதி முத்தை மோதிரத்தில் பதிக்கலாம். ஊசியில் பதிக்கலாம். மாலையாகக் கோக்க முடியாது. மாலைக்கு உருண்டையான முத்து வேண்டும்.

மிகிமோட்டோ மறுபடியும் ஆராய்ச்சியில் இறங்கினார். அதற்குள் அவர் பெரிய பண்ணைக்காரர். தண்ணீருக்குள்ளே லட்சக்கணக்கான சிப்பிகள்.

1905-ல் மறுபடியும் கடல் சிவந்தது!

இந்தத் தடவை எட்டரை லட்சம் சிப்பிகள் செத்தன. கரை எல்லாம் நாற்றம்.

மிகிமோட்டோ அந்தச் செத்த சிப்பிகளை அப்படியே கொட்டிவிடவில்லை. திறந்து திறந்து பார்த்தார். எது எதை எங்கெங்கே வைத்தோம், என்ன நடந்திருக்கிறது என்று தேடினார்.

அந்தக் குவியலில் ஐந்து முத்துகள் கிடைத்தன. ஐந்தும் உருண்டை!

பொருளைச் சிப்பியின் எந்தப் பாகத்தில் வைக்க வேண்டும் என்பதை அந்த ஐந்து முத்துகளும் அவருக்குக் காட்டின. பெரிய நஷ்டம் வந்த இடத்திலேயே விடையும் இருந்தது. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருந்தால், அது அவர் கண்ணில் பட்டிராது.

தச்சரும் மருமகனும்

எல்லாவற்றையும் மிகிமோட்டோ ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொல்லிவிடக் கூடாது. அது நியாயம் ஆகாது.

அதே காலத்தில் வேறு இருவரும் வட்ட முத்து உண்டாக்க வழி கண்டார்கள். ஒருவர் தாத்சுஹெய் மிசே. அவர் ஒரு தச்சர்! மற்றவர் தோக்கிச்சி நிஷிகாவா. மீன் வளத்தைப் பற்றிப் படித்தவர். அவர் மிகிமோட்டோவின் மருமகன்.

பிற்காலத்தில் முத்துப் பண்ணைகள் எல்லாம் பின்பற்றியது பெரும்பாலும் இவர்கள் இருவர் பெயரால் வழங்கும் முறையைத்தான்.

அந்த முறை இதுதான்: 

ஆற்றுச் சிப்பி ஓட்டைக் கடைந்து, சிறிய உருண்டை மணி செய்வார்கள். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் கிடைக்கும் கனமான ஓடு இதற்கு மிகவும் ஏற்றது. பிறகு, ஒரு சிப்பியில் இருந்து போர்வைச் சதையில் துளி அளவு வெட்டி எடுப்பார்கள். மணியையும் சதைத் துண்டையும் சேர்த்து, இன்னொரு சிப்பியின் உடலுக்குள் வைப்பார்கள். கை நடுங்காமல் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் நடக்கும் ஆபரேஷன் போலத்தான்.

சிப்பியைக் கூடையில் வைத்து, மிதவையில் கட்டி, கடலுக்குள் தொங்கவிடுவார்கள். சதைத் துண்டு வளர்ந்து மணியைச் சுற்றிப் பை போல மூடிக்கொள்ளும். அந்தப் பைக்குள் முத்துப் பூச்சு படியும். ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு, சில சமயம் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். அதற்குள் சில சிப்பிகள் சாகும். சில மணியைத் துப்பிவிடும். முத்து கிடைத்தாலும், முதல் தரமானது கொஞ்சம்தான்.

"போலி" என்ற கூச்சல்

வளர்த்த முத்து ஐரோப்பாவுக்குப் போயிற்று. 1921-ல் லண்டனிலும் பாரிசிலும் பெரிய கூச்சல் கிளம்பியது. "இது போலி முத்து" என்று பழைய முத்து வியாபாரிகள் சொன்னார்கள்.

அவர்கள் பதறியதற்குக் காரணம் உண்டு. அப்போது முத்தின் விலை தலை சுற்றும்படி இருந்தது. 1917-ல் நியூயார்க்கில் கார்ட்டியர் என்ற நகைக் கம்பெனி, ஒரு பெரிய மாளிகையை வாங்கியது. கொடுத்த விலை என்ன தெரியுமா? ரொக்கம் 100 டாலர், அத்துடன் இரட்டை வட முத்து மாலை ஒன்று! அந்த மாலையின் மதிப்பு பத்து லட்சம் டாலர்.

மிகிமோட்டோ பின்வாங்கவில்லை. பாரிசில் வழக்கு நடந்தது. விஞ்ஞானிகள் ஆராய்ந்து பார்த்தார்கள். சிப்பி தானாகப் பூசினாலும், மனிதன் மணி வைத்துப் பூசச் செய்தாலும், மேலே இருப்பது ஒரே பொருள்தான் என்றார்கள். 1924-ல் தீர்ப்பு வளர்த்த முத்துக்குச் சாதகமாக வந்தது.

கார்ட்டியர் கொடுத்த அந்த மாலை என்ன ஆயிற்று? 1957-ல் ஏலத்துக்கு வந்தது. அப்போது போன விலை 1 லட்சத்து 51 ஆயிரம் டாலர்தான்!

எடிசன் வியந்தார்

1927-ல் மிகிமோட்டோ அமெரிக்கா போனார். மின்சார விளக்குப் புகழ் எடிசனைச் சந்தித்தார். தாம் வளர்த்த முத்தை அவருக்குக் காட்டினார்.

எடிசன் வியந்து போனாராம். வைரம், முத்து ஆகிய இரண்டையும் தம் சோதனைச் சாலையில் செய்ய முடியவில்லை என்று அவர் சொன்னதாகக் கூறுவார்கள்.

ஒருவர் கேட்டறியாத கருவிகளை எல்லாம் செய்தவர். மற்றவர் சேமியா விற்ற வீட்டுப் பிள்ளை. இருவருக்கும் ஓர் ஒற்றுமை. பள்ளிக்கூடத்தில் அதிக நாள் இருந்தவர்கள் அல்ல. செய்து, கெட்டு, திரும்பவும் செய்து பார்த்தவர்கள்.

முத்தை எரித்தார்!

முத்து வளர்ப்பு ஜப்பானில் பரவியது. பலர் அவசர அவசரமாக முத்து எடுத்து, மட்டமான சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். தொழிலுக்கே கெட்ட பெயர் வந்தது.

1932-ல் மிகிமோட்டோ ஒரு காரியம் செய்தார். கோபே நகரில், பலர் பார்க்கும்படி, மட்டமான முத்துகளைக் குவித்தார். மண்வெட்டியால் அள்ளித் தீயில் போட்டார். பத்திரிகைகளில் படம் வந்தது. உலகம் எல்லாம் அந்தச் செய்தி பரவியது.

விளம்பரத்துக்காகச் செய்தார் என்று சிலர் சொல்லலாம். விளம்பரத்தில் அவர் சூரர்தான். கப்பலுக்கு முன்னால் காலால் தொட்டி சுழற்றியவர் அல்லவா! ஆனால் எரிந்தது சொந்தச் சரக்கு. மட்டமானதை விற்றுக் காசு பார்ப்பதைவிட, எரித்துவிடுவது மேல் என்ற பாடத்தை எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

உலகில் உள்ள பெண்கள் எல்லோருடைய கழுத்திலும் முத்து மாலை இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு காலத்தில் ராணிகளும் சீமாட்டிகளும் மட்டும் அணிந்த முத்தை, ஆபீசில் வேலை பார்க்கும் பெண்ணும் அணியும் காலம் வந்தது.

மறு பக்கம்

இதற்கு ஒரு மறு பக்கமும் உண்டு.

பாரசீக வளைகுடாவில் பஹ்ரைன், குவைத் முதலிய இடங்களில் ஆயிரக்கணக்கானோர் முத்துக் குளித்துப் பிழைத்தார்கள். 1930-ம் ஆண்டுகளில் உலகம் முழுவதும் வியாபாரம் படுத்தது. வளர்த்த முத்தும் போட்டிக்கு வந்தது. முத்துக் குளிப்போர் பிழைப்பு போயிற்று. ஒருவர் கண்ட புதுமை, கடலுக்கு அப்பால் இருந்தவர்களின் சோற்றில் கை வைத்தது. புதுத் தொழில் வரும்போது எல்லாம் நடக்கிற துயரம் இது.

தூத்துக்குடி முத்து

முத்து என்றதும் தமிழர்களுக்கு நினைவு வருவது கொற்கை. பாண்டிய மன்னர்களின் துறைமுகம். அதற்குப் பிறகு தூத்துக்குடி. மன்னார் வளைகுடாவில் சிப்பிகள் விளையும் இடத்தை "முத்துப் பார்" என்பார்கள்.

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளிப்பு நடந்தது 1961-ல். பிறகு பார்களில் போதிய சிப்பி விளையவில்லை.

ஆனால் 1973-ல் அதே தூத்துக்குடியில் ஒரு நல்ல காரியம் நடந்தது. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானி அழகர்சாமியும் அவருடன் இருந்தவர்களும், நம் கடல் சிப்பியில் வட்ட முத்து வளர்த்துக் காட்டினார்கள். தோபாவில் கற்ற பாடம், கொற்கைக் கடலிலும் பலித்தது!

மனம் ஒட்டும் தொழில்

மிகிமோட்டோ 1954-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் காலமானார். அப்போது அவருக்கு வயது 96. முதல் முத்து கிடைத்த ஓஜிமா தீவு இப்போது அவர் பெயரால் "மிகிமோட்டோ முத்துத் தீவு" என்று வழங்குகிறது. அங்கே போகிறவர்கள் அவருடைய சிலையைப் பார்க்கலாம். கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்களையும் பார்க்கலாம்.

தொழில் செய்வோர் அவருடைய வாழ்க்கையில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது: தொழிலின்மேல் ஆசை, உட்கார்ந்து யோசிப்பதால் வந்துவிடாது. மிகிமோட்டோவுக்கு அது காய்கறி விற்று, சந்தையைப் பார்த்து, விலையை விசாரித்து, அதன் பிறகு வந்தது. கையில் இருக்கும் வேலையை நன்றாகச் செய்கிறவன் கண்ணுக்குத்தான் அடுத்த வேலை தெரியும்.

இரண்டாவது: தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்க அவர் வெட்கப்படவில்லை. பேராசிரியர் முன்னால் மாணவன் போல நின்றார்.

மூன்றாவது: எல்லாச் சிப்பிகளையும் ஒரே இடத்தில் போடவில்லை. ஓஜிமாவில் வைத்த கொஞ்சம் சிப்பிகள் அவரைக் காப்பாற்றின. ஆசை எவ்வளவு இருந்தாலும், வியாபாரிக்கு முன்யோசனையும் வேண்டும்.

நான்காவது: ஒருவருடைய ஆசைக்காக வீட்டில் இருப்பவர்களும் பாடுபடுகிறார்கள். இதை ஆண்கள் மறக்கக் கூடாது. முத்து ராஜா என்ற பட்டம் கோக்கிச்சிக்குக் கிடைத்தது. அந்தப் பட்டத்தில் பாதி உமேக்குச் சேர வேண்டியது.

உங்கள் வீட்டில் யாராவது புதிதாக ஒரு தொழிலில் மனதைப் பறிகொடுத்து, இராப்பகலாக அதே நினைவாக இருக்கிறார்களா? உடனே பைத்தியம் என்று சொல்லிவிடாதீர்கள். கணக்கைக் கேளுங்கள். யாரிடம் யோசனை கேட்டாய் என்று விசாரியுங்கள். கெட்டுப்போனால் குடும்பத்துக்கு என்ன மிஞ்சும் என்றும் கேளுங்கள்.

அத்தனைக்கும் நேரான பதில் வந்தால், கொஞ்சம் காத்திருங்கள். சிப்பிக்குள் முத்து விளைய நாள் ஆகும்.